நேராகப் போனால் போதும்

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா கம்பு பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. தங்கச்சிக்குச் சென்னைக்கு மாறுதல் கிடைக்காததுதான் வருத்தம். அடுத்த கலந்தாய்வில் கட்டாயம் கிடைக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய். உன் பையன் மோட்டார் வைத்த ஃபோம் டார்ட் துப்பாக்கி, அதாவது மெத்தென்ற குட்டி அம்பை விடும் பொம்மைத் துப்பாக்கி, வேண்டும் என்கிறான், அதை வீட்டிலேயே செய்ய முடியுமா என்று. முடியும்டா. இந்தக் கோடை விடுமுறை முழுக்க நானும் மகளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அதனால் இது நீளமான கடிதமாகப் போகும், பொறுத்துக்கொள்.

இந்த ஃபோம் பொம்மைகளுக்கு வழி போட்டது நெர்ஃப் என்ற பொம்மை பிராண்ட். 1969இல் அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், வீட்டுக்குள் எறிந்து விளையாட ஒரு ஃபோம் பந்தை எடுத்துக்கொண்டது. எதையும் உடைக்காது, யாருக்கும் வலிக்காது என்பதுதான் அதன் பெருமை. துப்பாக்கிகள் பின்னால் வந்தவை. இன்று எல்லாரும் பயன்படுத்தும் டார்ட் ஏறத்தாழ 72 மி.மீ. நீளம், 13 மி.மீ. தடிமன், 1 கிராம் எடை. முனையில் மட்டும் ரப்பர்.

உள்ளே நடப்பது உனக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். கிரிக்கெட் பயிற்சிக்குப் பந்து வீசும் எந்திரத்தைப் பார்த்திருக்கிறாயே, அதேதான். எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சக்கரங்கள், நடுவே சிறு இடைவெளி. டார்ட்டைப் பின்னாலிருந்து தள்ளினால் சக்கரங்கள் கவ்வி இழுத்து வெளியே விட்டெறியும். இரண்டும் ஒரே வகை மோட்டார்தான். ஒன்றுக்கு ஒயரை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த்திசையில் சுற்றும்.

விஷயமெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 13 மி.மீ. டார்ட்டுக்கு 9.5 மி.மீ. அளவில் இடைவெளி வைத்தோம். அதைவிட அகலமானால் சக்கரம் வழுக்கும். குறுகினால் டார்ட் நசுங்கி, சக்கரத்தின் வேகத்தையும் குடித்துவிடும். அரை மில்லிமீட்டர் மாறினால்கூட டார்ட் போகிற போக்கே மாறுகிறது. நுண்ணிய அளவெடுக்கும் வெர்னியர் கருவியைப் பிடிக்கப் பாலிடெக்னிக்கில் நமக்கு எவ்வளவு நாள் ஆனது! என் மகள் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டாள், தன் பொருளுக்குத் தானே அளவெடுக்கிறோம் என்பதால்.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். பொம்மைக் காரில் வருமே, 130 என்று அழைக்கும் சின்ன மோட்டார், அந்த அளவேதான். ஆனால் நல்ல சுற்று உள்ளதாக வாங்க வேண்டும். சும்மா நான்கு பென்டார்ச் செல் போட்டு ஓட்டலாம் என்று உன் பையன் சொல்வான். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போதுதான் அதிக மின்சாரம் இழுக்கும் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு செல்லின் உள்தடை, அதாவது மின்சாரத்துக்குச் செல்லே கொடுக்கும் தடை, 0.15 ஓம் என்று வைத்துக்கொள். நான்கு செல்லுக்கு 0.6. ஐந்து ஆம்பியர் இழுத்தால் 6 வோல்ட்டில் 3 வோல்ட் செல்லுக்குள்ளேயே கரைந்துபோகும். மோட்டார் முக்கி முனகித்தான் வேகம் எடுக்கும். அதனால் லித்தியம் பாலிமர் பேட்டரிதான் சரி. ஒயரும் பல இழை உள்ள தடிமனான ஒயராக இருக்கட்டும். சுவிட்ச் குறைந்தது 10 ஆம்பியர் தாங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. நாங்கள் வாங்கிய மோட்டார் மூன்று லித்தியம் செல் உள்ள பேட்டரிக்கானது, அதாவது 11.1 வோல்ட். மகளை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். 32 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 100 மி.மீ. நிமிடத்துக்கு 25,000 சுற்று என்றால் விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர். டார்ட் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும். இரண்டே செல் போட்டு 7.4 வோல்ட் கொடுத்தால் விளிம்பு வேகம் 28 மீட்டர். டார்ட்டும் விளிம்பின் வேகத்திலேயே போவதாக வைத்துக்கொண்டால், வேகம் மூன்றில் இரண்டு பங்காகும்போது அதன் ஆற்றல் பாதிக்கும் கீழே, 0.88 ஜூலிலிருந்து 0.39 ஜூலுக்கு இறங்கிவிடுகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதன் வேலை அது. எல்லாவற்றையும் அவளே எழுதிப் பார்த்தாள். அப்புறம், "இரண்டு செல்லே போதும்பா" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை.

பெரியப்பா வீட்டுப் பையன்களுக்கு இது பிடிக்கவில்லை. இன்னும் வேகம், இன்னும் வேகம் என்றுதான் நச்சரிக்கிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து இருக்கிறது. ஒரு கிராம் ஃபோமை எவ்வளவு வேகமாக விட்டாலும் காற்று சீக்கிரம் பிடித்து நிறுத்திவிடும். வேகம் கூடக்கூட டார்ட் வாலை ஆட்டிக்கொண்டு திசை மாறும். கைத்திறன் தெரிவது டார்ட் நேராகப் போவதில்தான். அதற்கு இரண்டு மோட்டாரும் ஒரே தொகுதியில் வாங்கியவையாக, ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். சக்கரம் ஆட்டமில்லாமல் 2 மி.மீ. தண்டில் நேராக ஏறியிருக்க வேண்டும். அதை வைஸில் வைத்து மெல்ல அழுத்தி ஏற்று. தாங்கு கொடுப்பது தண்டின் பின்முனைக்குத்தான், மோட்டார் கூட்டுக்கு அல்ல. வளைந்துபோன பழைய டார்ட்டுகளைத் தயவு பார்க்காமல் தூக்கிப்போடு.

ட்ரிக்கர் இரண்டு வேண்டும். முதலாவது சக்கரத்தைச் சுற்றவிடும், இரண்டாவது டார்ட்டைத் தள்ளும். சக்கரம் முழு வேகம் எடுக்குமுன் தள்ளினால் டார்ட் காலடியில் விழும், இல்லையென்றால் நடுவில் சிக்கிக்கொள்ளும். காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம். மோட்டாரின் சத்தம் ஏறி ஒரே சுருதியில் நிற்கும், அப்போது தள்ள வேண்டும். என் மகள் இப்போது மிக்ஸி சத்தத்தை வைத்தே அதில் லோடு அதிகமா என்று சொல்கிறாள்.

வேகத்தை அளக்கத் தனிக் கருவி வாங்காதே. ஐந்து மீட்டர் தள்ளி ஒரு அட்டையை நிறுத்திவிட்டு, போனில் ஒலிப்பதிவு செய். சுடும் சத்தத்துக்கும் அட்டையில் படும் சத்தத்துக்கும் இடையில் எத்தனை நொடி என்று பார்த்தால் சராசரி வேகம் வந்துவிடும். போனைச் சரியாக நடுவில் வைக்க வேண்டும். அப்போது இரண்டு சத்தமும் ஒரே தூரம் பயணம் செய்யும், ஒலியின் வேகத்தைக் கழிக்கும் வேலை இல்லை. இது மகளின் யோசனை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

சக்கரக் கூட்டை முப்பரிமாணப் பிரிண்டரில் அச்சிடக் கொடுக்கும்போது பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் வேண்டாம், பெட்-ஜி என்ற பிளாஸ்டிக்கைக் கேள். பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே இளகும். சென்னை வெயிலில் காருக்குள் வைத்தால் அவ்வளவுதான். சக்கரத்தை மட்டும் வார்ப்பில் செய்ததாகக் கடையில் வாங்கிவிடு.

இனி சொல்வதை உன் பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. 2017இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள், இப்படிப்பட்ட டார்ட் பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அதில் ஒருவர் 11 வயதுக் குழந்தை. அவையெல்லாம் கடையில் வாங்கிய பொம்மைகள்தான். எங்கள் வீட்டில் கண்ணாடி போடாமல் யாரும் பேட்டரியைத் தொடக்கூடாது, பார்த்துக்கொண்டு நிற்பவர்களும் சேர்த்து. பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கு. முகத்துக்குக் குறி வைக்கக்கூடாது. துப்பாக்கிக்கு மஞ்சள், ஆரஞ்சு என்று பளிச்சென்ற வண்ணம் அடி. கறுப்பு வேண்டவே வேண்டாம், தெருவுக்கும் எடுத்துப் போக வேண்டாம்.

பேட்டரியைப் பக்கத்தில் ஆள் இல்லாமல் சார்ஜ் போடாதே. ஒரு செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது, எடுத்து வைக்கும்போது 3.8இல் வை. உப்பியிருந்தால் உடனே ஒதுக்கிவிடு. ஃபியூஸ் ஒன்று கட்டாயம்.

மோட்டார், சுவிட்ச், கனெக்டர் எல்லாம் உனக்கு ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். சக்கரமும் அச்சிட்ட கூடும் என்னிடம் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கின்றன, கூரியரில் அனுப்புகிறேன். சால்ட்ரிங்கைப் பையனையே செய்யச் சொல், நீ பக்கத்தில் இரு. காலாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு இங்கே வந்துவிடுங்கள். மொட்டை மாடியில் அட்டையை நிறுத்தி, யாருடையது நேராகப் போகிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். அம்மாவால் பயணம் முடியும் என்று டாக்டர் சொன்னால் அவரையும் அழைத்து வா. கீழ் அறையை ஒழித்துத் தருகிறேன், படியேற வேண்டியதில்லை.

அம்மாவுக்கு என் வணக்கம். தங்கச்சியையும் பையனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்