இருப்பதே ஒரு வண்டி, அதை எப்படி இடிப்பது?

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவையில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். நான் கேட்கப்போவது பெரிய விஷயமில்லை. ஒருவர் தன் கையால் ஒரே ஒரு காரைக் கட்டுகிறார். அதை அரசுச் சோதனை மையத்துக்குக் கொண்டுவருகிறார். தேறினால் சட்டப்படி சாலையில் ஓட்ட வேண்டும். இதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்பதுதான் கோரிக்கை. இன்று அப்படி ஒரு வழி நம் நாட்டில் இல்லை.

இந்த அக்கறைக்குக் காரணம் என் ஷெட்டில் நிற்கும் சின்காரா ரோட்ஸ்டர். மகாராஷ்டிரத்தில் அலிபாகில் ஒரு சின்ன நிறுவனம் செய்த வண்டி. இரண்டே சீட், ஃபைபர் பாடி, நீண்ட மூக்கு, முன் சக்கரங்களுக்குத் தனித்தனி மட்கார்டு. விவரம் தெரிந்தவர்கள் பார்த்தவுடன் "லோட்டஸ் செவன் மாதிரி" என்பார்கள். மற்றவர்கள் "ஷூட்டிங் வண்டியாண்ணா?" என்பார்கள். எஞ்சின் அம்பாசடரில் வந்த அதே 1.8 லிட்டர் இசுசு. இலேசான உடம்பில் அந்த எஞ்சினை வைத்தால் என்ன ஆகும் என்பதை அம்பாசடர் ஓட்டியவர்கள்தான் சரியாக ரசிப்பார்கள்.

செகண்ட் ஹாண்டில், மகாராஷ்டிரப் பதிவெண்ணோடு வாங்கினேன். என்.ஓ.சி. பெற்று மறுபதிவுக்குப் போனபோது ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கணினியில் கம்பெனி பெயரையே காணோம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எந்தக் கம்பெனி மாடல் சார் இது, நீங்களே கட்டினதா?" கம்பெனி செய்ததுதான் என்று காகிதங்களைப் பரப்பிக் காட்டிய பிறகுதான் வேலை நகர்ந்தது. அதற்குப் பிறகு அவர் செய்த சோதனை என்ன தெரியுமா? சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். பிரேக்கை மிதித்துப் பார்க்கவில்லை, சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. சட்டம் அவரிடம் கேட்பதே "யார் செய்தது?" என்றுதான். "எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது?" என்று அது கேட்பதில்லை. நான் மாற்றச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கிறவனிடம் வண்டியை விட்டால் கெடுத்துவிடுவான் என்ற பயம் உங்கள் விதிகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட வண்டியை வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறோம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலேசான வண்டியில் சஸ்பென்ஷன் கெட்டியாக இருக்கும். எஞ்சின் அதிர்வு நேராக வண்டியின் சேசிஸ் சட்டத்துக்குப் போகும். போல்ட்டுகள் தாமாகவே தளரும். எனவே ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனரில்) முறுக்கியபின் தலையிலிருந்து பிராக்கெட் வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போடுவோம். நீண்ட பயணத்துக்கு முன் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. சதுரக் குழாய்களை வெல்டு செய்த சட்டம் என்பதால் மழைநீர் உள்ளே தங்கி, வெளியே தெரியாமல் துருவேற்றும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஃபைபரில் சிலந்தி வலை போல விரிசல் விட்டால் அதைப் பட்டி பார்த்து மறைக்கக் கூடாது. எதற்காக அந்த இடம் விரிகிறது என்று பின்னாலிருக்கும் பிராக்கெட்டைப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். டயரும் அப்படித்தான். இந்த எடைக்கு ரப்பர் தேய்வதற்குள் வயதாகிவிடும். தடம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாமல் பக்கவாட்டில் அச்சிட்ட வாரத்தையும் வருடத்தையும்தான் பார்ப்போம். பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கிற தம்பி பழக்க தோஷத்தில் 32 வைத்துவிடுவார். இதற்கு 20 போதும். அதற்கு மேல் போனால் வண்டி சாலையில் பந்து மாதிரி குதிக்கும்.

உதிரி பாகம் தனிக் கதை. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. பழைய டாக்ஸிகள் ஓடும்வரை அதன் சாமான்கள் பழைய கடைகளில் கிடைக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான். சஸ்பென்ஷன் புஷ்களை என் லேத்திலேயே கடைந்துகொள்கிறேன். மே மாதத்தில் எஞ்சின் சூட்டில் பாதம் வேகும். ஊர்ப் பக்கத்து ஸ்பீட் பிரேக்கர்களைக் குறுக்காக ஏறாவிட்டால் எஞ்சினுக்கு அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப் தட்டும். ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் எலி வயரைக் கடித்திருக்கும். இதையெல்லாம் மீறி வைத்திருப்பவன், ஷோரூமிலிருந்து ஓட்டிவந்து சர்வீஸ் லைட் எரிந்தால்தான் பானட்டைத் திறப்பவனைவிட வண்டியைக் கவனமாகத்தான் வைத்திருப்பான்.

இந்த வகை வண்டியின் தாய் லோட்டஸ் செவன். 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்தார். முழுதாகச் செய்த காருக்கு அங்கே விற்பனை வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்தினால் இல்லை. பொருத்தும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்துப் பின்னாலிருந்து படிக்கச் சொன்னார்களாம். 1973இல் வரி முறை மாறியதும் லோட்டஸ் கைவிட, கேட்டர்ஹாம் என்ற விற்பனை நிறுவனம் உரிமையை வாங்கி இன்றுவரை செய்கிறது. அவர்களுடைய செவன் 170இல் இருப்பது 660 சிசி சுசுகி டர்போ எஞ்சின். எடை 440 கிலோ. நம் மாருதி 800கூட அதைவிட ஏறக்குறைய இருநூறு கிலோ அதிகம்.

வண்டியைவிட நான் பொறாமைப்படுவது அந்த நாட்டின் விதியைப் பார்த்துத்தான். வீட்டில் கட்டிய காரை அங்கே தனி வண்டி ஒப்புதல் சோதனைக்குக் கொண்டுபோகலாம். 2009இலிருந்து இன்றைய வடிவில் நடக்கிறது. உடம்பில் படக்கூடிய வெளி விளிம்பு ஒவ்வொன்றும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுக்கப்பட்டிருக்க வேண்டும். சைலன்சர் சத்தம் 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. பிரேக், ஸ்டியரிங், பெல்ட் பொருத்திய இடம், கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் ஆய்வாளர் கையால் தொட்டுப் பார்க்கிறார். தாமே கட்டியதற்குக் கட்டும்போது எடுத்த படங்களும் பில்களும் சாட்சி. தேறாவிட்டால் எதில் தேறவில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். சரிசெய்து மறுபடி போகலாம்.

இங்கே மத்திய மோட்டார் வாகன விதி 126, தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் மாதிரி வண்டியைச் சோதனைக்குத் தர வேண்டும் என்கிறது. லட்சக்கணக்கில் கார் செய்கிறவர்களுக்கு அது மிகவும் நியாயம். 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்கு மோதல் சோதனையும் உண்டு. ஒரே வண்டி கட்டியவன் அதை இடிக்கக் கொடுத்துவிட்டு எதை ஓட்டுவது? இருக்கிற வண்டியை மாற்றிக் கட்டலாமென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 தடுக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி எதையும் மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தச் சட்டத்தில் இதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். ஆல்ட்டரேஷன் என்ற பெயரில் சாலையில் ஓடும் கோரங்களைப் பார்த்தால் அந்தக் கடுமை எனக்குப் புரிகிறது. ஆனால் தடையோடு சேர்த்து ஒரு வாசலும் வைத்திருக்கலாம்.

விலக்குக் கொடுப்பது உங்களுக்குப் புதிதல்ல. 2021இல் ஐம்பது வயதைத் தாண்டிய பழைய வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தீர்கள்: நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து, 20,000 ரூபாய் கட்டணம், அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை. நல்ல ஏற்பாடு. 2018இல், வெளிநாட்டுச் சான்று பெற்ற வலப்பக்க ஸ்டியரிங் கார்களை வருடத்துக்கு 2,500 வரை இங்கே மறுசோதனை இல்லாமல் இறக்குமதி செய்யலாம் என்றீர்கள். கோடிக்கணக்கில் விலை போகும் கார்கள் அந்த வழியில் வருகின்றன. வெளியூர்க்காரருக்கு 2,500 என்றால் உள்ளூர்க்காரருக்கு ஒன்று கூடாதா?

பாதுகாப்பு என்பீர்கள். உங்கள் அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த எண்ணைப் பார்த்தபின் யாரும் இலேசாகப் பேச முடியாது. ஏர்பேக் இல்லாத, கதவே பெயருக்கு இருக்கிற இரண்டு சீட்டு வண்டி புதிய காருக்குச் சமமான பாதுகாப்பைத் தராது என்பதை மறைக்க மாட்டேன். குழந்தைகளை இதில் ஏற்றக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அந்த இறப்புகளில் மற்ற எந்த வகையினரையும்விட அதிகம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பைக்குக்கு ஏர்பேக் கேட்காத சட்டம், நான்கு சக்கரமும், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாரும், நான்கு முனை பெல்ட்டும் உள்ள ஒன்றை அடியோடு மறுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

வி.ஏ. மாதிரியே ஒரு தனி வரிசை வையுங்கள். எஞ்சினும் அதன் புகைக் கட்டுப்பாடும் ஏற்கெனவே பி.எஸ். 6 புகை விதிப்படி ஒப்புதல் பெற்ற காரிலிருந்து முழுதாக எடுத்ததாக இருக்கட்டும். ஒருவருக்கு ஒரு வண்டி, வாடகைக்கு விடக் கூடாது, சில வருடங்களுக்கு விற்கவும் கூடாது என்று கட்டுப்பாடு போடுங்கள். வருடம் ஒருமுறை எஃப்.சி. என்றாலும் வருகிறோம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, புனே, மானேசர், இந்தூர் பக்கமும் சோதனை மையங்கள் இருக்கின்றன. ஆர்.டி.ஓ. ஆபீஸ் தலையில் இதைக் கட்டாதீர்கள். அங்கே கூட்டமும் போதும், பென்சிலும் போதும்.

கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டால், எங்கள் ஊருக்கு ஒருமுறை வாருங்கள். எஸ். கரிவரதன் 1980களிலேயே மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை சீட் பந்தயக் கார்களை இங்கே கட்டினார். ஃபார்முலா ஒன் வரை போன முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஓட்டிப் பழகியது ஃபார்முலா மாருதி என்ற அந்த வகைக் காரில். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்குக் கரிவரதன் பெயர்தான். ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடு முழுவதிலுமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே வெல்டு செய்த கார்களோடு அங்கேதான் வருகிறார்கள். போட்டி விதிப்படி அந்தக் கார்களை ஆய்வாளர்கள் அங்குலம் அங்குலமாகப் பார்த்துத்தான் தடத்தில் விடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் படிப்பு முடிந்தபின் தங்களுக்கென்று ஒன்று கட்ட நினைத்தால் ஓட்டுவதற்குச் சாலை இல்லை.

எந்த விதியையும் வரைவாக வெளியிட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுத்தான் இறுதி செய்கிறீர்கள். இதற்கும் ஒரு வரைவு வந்தால், வெல்டிங்கைப் பற்றியும் பெல்ட் பொருத்தும் இடத்தைப் பற்றியும் விவரமாக எழுதி அனுப்பக் கோவையில் ஆட்கள் இருக்கிறோம். சோதனை முறையை வகுக்கும்போது பார்க்க ஒரு வண்டி வேண்டுமென்றால் என்னுடையதை ஒரகடத்துக்கு நானே ஓட்டிவருகிறேன். டயரில் காற்றை மட்டும் ஏற்றிவிட வேண்டாமென்று அங்கே சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
கோவைப் பட்டறைக்காரன்