கார் ஏசிக்கு கேஸ் நிரப்பும் முன் கசிவைத் தேடு

மன்னார்குடி,
மாசி மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் சம்பா நெல் கொள்முதல் நிலையம் போய்ச் சேர்ந்தது மனத்துக்கு நிறைவு. இங்கும் அறுவடை முடிந்து, தாளுக்கிடையே உளுந்து நன்றாகக் கிளம்பியிருக்கிறது.

காரின் ஏசிக்குச் சித்திரையில் நிரப்பும் கேஸ் ஆடிக்குள் இறங்கிவிடுவதாக எழுதியிருந்தாய். கேஸ், பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. பழைய வண்டியில் ரப்பர் குழாய் வழியே ஆண்டுக்குச் சிறிது குறையலாம், ஆனால் மூன்று மாதத்தில் காலியாகிறதென்றால் எங்கோ நிச்சயமாகக் கசிகிறது. கேஸோடு, அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் ஆயிலும் வெளியேறுவதால் கசியும் இடத்தில் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருக்கும். இணைப்புகளின் ஓ-ரிங்குகள் எனும் ரப்பர் வளையங்கள், கம்ப்ரசர் கிளட்சின் பின்புறம், வண்டியின் முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் அடிப்பகுதி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார். அங்கே ஒன்றும் தெரியாவிட்டால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க மெக்கானிக்கிடம் சொல்.

ஓடும்போது குளிர்ந்து, ரயில்வே கேட்டில் நின்றால் அனலடிப்பது வேறு சங்கதி. அதற்குப் பெரும்பாலும் கண்டன்சர் விசிறியோ அடைப்போ காரணமாக இருக்கும். நம் சாலைகளில் நெல் காயவைக்கும் நாட்களில் பறக்கும் பதரும் வைக்கோல் தூசியும் கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அப்பிவிடுகின்றன. எஞ்சின் ஆறியபின் மெதுவான நீரால் கழுவு. வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கும்.

உன் வண்டி 1996இல் வாங்கியது என்பதால் பானெட்டின் உட்புற ஸ்டிக்கரைக் கட்டாயம் பார்த்துவிடு. அது ஆர்-12 என்ற பழைய வகை கேஸ் போட்ட வண்டியாக இருந்தால், அதிலுள்ள மினரல் ஆயில் இப்போதைய ஆர்-134ஏ கேஸோடு கலக்காது. ஆயிலை மாற்றாமல் நிரப்பினால் கம்ப்ரசர் தேய்ந்து போகும்.

குழாயைத் திறந்தால், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றிவிட வேண்டும். நம் டெல்டாவின் ஈரக்காற்று உள்ளே தங்கினால் கேஸ் விரிந்து குளிரும் சிறு துளையான எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைந்து அடைக்கும் என்பதால், அரைமணி நேரமாவது வேக்கம் போட்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதே. பிறகு ஸ்டிக்கரில் உள்ள எடைக்கே கேஸ் நிரப்பட்டும்; கூடினாலும் குளிர் குறையும்.

பங்குனி பிறக்குமுன் இதைச் செய்துவிட்டு, கேஸின் அழுத்தத்தைக் காட்டும் லோ, ஹை ஆகிய இரண்டு கேஜ்களின் அளவையும் எழுதி அனுப்பு. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கண்டன்சருக்குக் காற்று போதாமல் இருக்கலாம். லோ பக்கம் உயர்ந்து ஹை பக்கம் தாழ்ந்தால் கம்ப்ரசரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்