ஹக்ஸ்லி குடும்பமும் சம்பந்தி சொன்ன யோசனையும்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. கால் வீக்கம் வடிந்ததா? உட்காரும்போது காலைத் தொங்கப் போடாதே, ஒரு முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்.

பிறக்கப்போகிற பிள்ளையை அங்கே பர்மிங்காமில் பதியும்போது சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று உங்கள் வீட்டில் பேச்சு ஓடுவதாகச் சொன்னாய். சம்பந்தியின் யோசனையையும் சொன்னாய். அவருடைய தாத்தா பத்திரங்களில் போட்டுக்கொண்டிருந்த பட்டத்தை இப்போது சர்நேம் ஆக்கிவிடலாமாம். வெள்ளைக்காரர்களைப் போல நமக்கும் தலைமுறைக்கும் நிற்கிற ஒரு பெயர் வேண்டுமாம். "டார்வின் குடும்பம், ஹக்ஸ்லி குடும்பம் என்று உங்க அம்மாதானே பாடம் நடத்தினாங்க, அவங்களையே கேளு" என்று வேறு சொல்லியிருக்கிறார். சரி, என்னைக் கேட்கச் சொன்னார் அல்லவா, சொல்கிறேன். போனில் இதையெல்லாம் பேசினால் நீ "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் துலக்குவாய். அதனால்தான் கடிதம்.

ஹக்ஸ்லி என்பது இங்கிலாந்தில் ஸ்மித், ஜோன்ஸ் மாதிரி தெருவுக்குத் தெரு கிடைக்கிற பெயர் இல்லை. செஷயர் பகுதியில் அந்தப் பெயரில் ஒரு சின்ன கிராமம் இருக்கிறது. நம்மூரில் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்கிற மாதிரி அவர்கள் பின்னால் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இத்தனை அபூர்வமான பெயரில் இத்தனை பேர் புகழ் பெற்றதால்தான், கேட்கிறவர்களுக்கு எல்லாம் ரத்தத்தில் வந்தது என்று தோன்றிவிடுகிறது.

முதல் ஆள் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1825இல் லண்டனுக்குப் பக்கத்தில் ஈலிங்கில், ஒரு கசாப்புக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் பிறந்தவர். அப்பா கணக்கு வாத்தியார். வாத்தியார் பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு வாய்த்தது இரண்டே வருஷம். மிச்சமெல்லாம் தானே படித்தது, ஜெர்மன் மொழி உட்பட. அப்புறம் கடற்படையில் உதவி டாக்டராக 'ராட்டில்ஸ்நேக்' கப்பலில் ஏறி ஆஸ்திரேலியா வரை போனார். போகிற வழியெல்லாம் ஜெல்லி மீன்களை அறுத்துப் பார்த்துக் கட்டுரை எழுதி அனுப்பினார். அந்தக் கட்டுரைகளுக்காக 26 வயதில் ராயல் சொசைட்டி என்கிற இங்கிலாந்து அறிவியல் கழகத்தில் உறுப்பினர். டார்வினுக்காக மேடை மேடையாகச் சண்டை போட்டது அதற்கும் பின்னால். அந்த ஆளுக்கு எந்தக் குடும்பப் பெருமை கைகொடுத்தது? அவருடைய அப்பா கடைசியில் மனநோய் விடுதியில் இருந்து இறந்தார்.

அந்தக் கப்பல் பயணத்தில்தான் 1847இல் சிட்னியில் ஹென்ரியட்டாவைப் பார்த்தார். கல்யாணம் 1855இல்தான் நடந்தது. வேலை கிடைத்து, கையில் நாலு காசு சேர்கிற வரைக்கும் எட்டு வருஷம் அந்தப் பெண் காத்திருந்தாள். நீயும் மாப்பிள்ளையும் விசாவுக்காகப் பிரிந்திருந்த மாதங்களில் நீ போட்ட புலம்பலை நினைத்துக்கொண்டேன்.

அவர்களுடைய மூத்த பையன் நோயல் 1860இல் செங்காய்ச்சலில் போய்விட்டான். நாலு வயசுகூட நிறையவில்லை. சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார் நண்பர் ஆறுதல் எழுதினார். அதற்கு ஹக்ஸ்லி எழுதிய பதில் நீளமானது. துக்கத்துக்காக, தன்னால் நம்ப முடியாததை நம்புவதாகச் சொல்ல மாட்டேன் என்கிற பதில். கடவுள் உண்டா இல்லையா என்பது தெரியாது என்று சொல்கிற நிலைக்குப் பின்னாளில் பெயர் வைத்தவரும் இவரே. அதே வருஷக் கடைசியில் லெனார்ட் பிறந்தான். சம்பந்தி சொல்கிற வம்சம் இந்த லெனார்ட் வழியாகத்தான் வருகிறது.

லெனார்டின் பிள்ளைகளில் மூத்தவர் ஜூலியன், உயிரியலாளர். 1946இல் யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர். 1961இல் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கியவர்களில் ஒருவர். இன்னொருவர் ஆல்டஸ், நாவலாசிரியர். லெனார்டின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்தவர் ஆண்ட்ரூ. ஜூலியனுக்கும் அவருக்கும் 30 வயசு வித்தியாசம். 1963இல் ஆண்ட்ரூவுக்கு நோபல் பரிசு. அதே வருஷம் நவம்பர் 22, ஆண்ட்ரூவின் பிறந்தநாள் அன்று, அமெரிக்காவில் ஆல்டஸ் இறந்தார். கென்னடி சுடப்பட்டதும் அன்றுதான் என்பதால் ஆல்டஸ் போன செய்தியை உலகம் கவனிக்கவே இல்லை.

இதுவரைக்கும் சம்பந்திக்குத் தெரியும். தெரியாதது அடுத்து.

ஜூலியனுக்கும் ஆல்டஸுக்கும் நடுவில் ட்ரெவ் என்று ஒருவன் பிறந்தான். கெட்டிக்காரன், எல்லாருக்கும் பிரியமானவன். ஹக்ஸ்லி என்றால் முதல் இடத்தில் வந்தாக வேண்டும் என்கிற வீடு அது. தேர்வில் எதிர்பார்த்தபடி வரவில்லை, மனசு உடைந்து மருத்துவ விடுதியில் இருந்தான். 1914 ஆகஸ்டில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஜூலியனுக்கும் ஆயுள் முழுக்க மனச்சோர்வு வந்து வந்து போயிற்று. ஆல்டஸுக்குப் பள்ளி வயதிலேயே கண்ணில் நோய் கண்டு பார்வை ஏறக்குறையப் போய், தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்துக் கற்றுக்கொண்டார். பட்டியலில் ட்ரெவ் பெயரை யாரும் சேர்ப்பதில்லை. பெயரின் பெருமையைப் பேசுகிறவர்கள் அவனை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள்.

அப்புறம் இந்தப் பிள்ளைகளின் அம்மா. பெயர் ஜூலியா ஆர்னல்ட். பெண்கள் ஆக்ஸ்போர்டுக்குள் கால் வைக்கத் தொடங்கிய அந்த முதல் வருஷங்களில் அங்கே இலக்கியம் படித்தவர். 1902இல் சொந்தமாக ஒரு பெண்கள் பள்ளி தொடங்கி நடத்தினார். பிரையர்ஸ் ஃபீல்ட் என்ற அந்தப் பள்ளி இன்றைக்கும் நடக்கிறது. அவருடைய தாத்தா ரக்பி பள்ளியின் பேர்போன தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னல்ட், பெரியப்பா மேத்யூ ஆர்னல்ட் பெரிய கவிஞர். ஜூலியா 1908இல் புற்றுநோயில் இறந்தபோது ஆல்டஸுக்கு 14 வயசு. ரத்தம் ரத்தம் என்கிறார்களே, ஆல்டஸுக்கு எழுத்து எந்த ரத்தத்தில் வந்தது? ஆர்னல்ட் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? ஜூலியாவின் அக்கா மேரி அந்தக் காலத்தில் நிறைய விற்ற நாவலாசிரியை. அவர் புத்தகங்களின் அட்டையில் 'திருமதி ஹம்ப்ரி வார்ட்' என்று கணவரின் முழுப் பெயர்தான் இருக்கும். சர்நேம் என்கிற ஏற்பாடு பாதிப் பேரை மறைத்துவிட்டுத்தான் மீதிப் பேரைக் காட்டுகிறது. இதை நான் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை. விலங்கியல் வாத்தியார் என்கிற முறையில் சொல்கிறேன். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சரிபாதி.

இன்னொரு வேடிக்கை. தாமஸ் ஹக்ஸ்லியின் பெண் மரியன் நல்ல ஓவியர். ஜான் காலியர் என்ற ஓவியரைக் கட்டிக்கொண்டு, 1887இல் சின்ன வயசிலேயே இறந்துவிட்டாள். காலியர் அவளுடைய தங்கை எத்தலைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். இங்கிலாந்துச் சட்டத்தில் மச்சினியைக் கட்டக் கூடாது. நார்வேக்குப் போய்த் தாலி கட்டாத குறையாகக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்தார்கள். சட்டம் மாறியது 1907இல்தான். நம்மூர்க் கிழவிகள் கேட்டால் "இதுக்கா நார்வே?" என்பார்கள்.

தாமஸின் இன்னொரு பேரன் கெர்வாஸின் மனைவி எல்ஸ்பெத், கென்யாவில் வளர்ந்த எழுத்தாளர், கல்யாணத்தால் ஹக்ஸ்லி ஆனவர். ரத்தமே இல்லாமல் பெயர் மட்டும் வந்தது. கெர்வாஸ் தேயிலை விற்பனையைப் பெருக்கும் வாரியத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். இலங்கை மலையகத்தில் நம்மாட்கள் பறித்த கொழுந்தை உலகம் குடிக்கவைத்ததில் அவருக்கும் பங்குண்டு.

இப்போது நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். நீ பதினொன்றாம் வகுப்பில் என்னிடமே படித்ததுதான். தசை எப்படிச் சுருங்குகிறது? தசை நாரை நுண்ணோக்கியில் வைத்தால் கறுப்பு ஒன்று வெளிர் ஒன்றாக வரி வரியாகத் தெரியும். தசை சுருங்கும்போது கறுப்பு வரியின் அகலம் அப்படியே இருக்கிறது, வெளிர் வரி மட்டும் குறுகுகிறது. அப்படியென்றால் உள்ளே இருக்கிற இழைகள் எதுவும் குட்டையாகவில்லை. இரண்டு சீப்பின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று தள்ளுகிற மாதிரி, மெல்லிய இழைகள் தடித்த இழைகளுக்கு நடுவே சறுக்கி உள்ளே போகின்றன. இதைக் கண்டு சொன்ன இரண்டு கட்டுரைகள் 1954 மே 22 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும். மற்றதை எழுதியவர்கள் ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். ஹ்யூ ஹக்ஸ்லி இந்தக் குடும்பத்துக்கு எந்த உறவும் இல்லை!

வகுப்பில் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரே ஆள் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் "அண்ணன் தம்பியா டீச்சர்?" என்பார்கள். ஹ்யூ பிறந்தது 1924இல் பெர்க்கன்ஹெட்டில். யுத்தத்தில் விமானப் படையின் ராடார் வேலை பார்த்தார். இயற்பியல் படித்தவர், எக்ஸ் கதிரையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியையும் எடுத்துக்கொண்டு தசைக்குள் வந்தார். ஆண்ட்ரூ வேறு வழி. சின்னப் பையனாக இருந்தபோதே வீட்டில் கடைசல் எந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். ஆய்வுக் கருவியைத் தானே செய்துகொள்கிற கை அவருக்கு. தானே வடிவமைத்த நுண்ணோக்கியில் உயிருள்ள தவளைத் தசை நாரைப் பார்த்தார். ஒருவர் முயல் தசை, இன்னொருவர் தவளைத் தசை, ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் கேம்பிரிட்ஜில். வந்து சேர்ந்த இடம் ஒன்று.

ஆண்ட்ரூவின் நோபல் தசைக்காகக் கிடைத்ததல்ல, நரம்புக்காக. ஆலன் ஹாட்ஜ்கினோடு சேர்ந்து கணவாய் மீனின் தடித்த நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். அந்தக் கணக்கைப் போட வேண்டிய நேரத்தில் கேம்பிரிட்ஜின் கம்ப்யூட்டர் மாற்றியமைப்பதற்காக மூடிக் கிடந்தது. ஆண்ட்ரூ 'பிரன்ஸ்விகா' என்கிற கையால் சுற்றுகிற எந்திரத்தில், கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வாரக்கணக்கில் கணக்குப் போட்டு முடித்தார். சில மில்லி விநாடி மட்டும் ஓடுகிற மின் துடிப்பு ஒன்றுக்காக. தாத்தா பெயர் வந்து கைப்பிடியைச் சுற்றவில்லை. ஹ்யூவுக்கு நோபல் கிடைக்காமலே போயிற்று. ராயல் சொசைட்டியின் கோப்லி பதக்கம் இரண்டு பேருக்கும் கிடைத்தது, ஆண்ட்ரூவுக்கு 1973இல், ஹ்யூவுக்கு 1997இல்.

இத்தனைக்கும் ஜூலியன், நல்ல மரபு உள்ளவர்கள் அதிகம் பிள்ளை பெற வேண்டும், மற்றவர்கள் குறைக்க வேண்டும் என்று பேசிய பிரிட்டிஷ் யூஜெனிக்ஸ் சங்கத்துக்கு 1959 முதல் 1962 வரை தலைவராக இருந்தவர். தன் வீட்டுக் கதையும் ஹ்யூவின் கட்டுரையும் கண்முன்னே இருக்கும்போது! படித்தவர்களுக்கும் இந்த ஆசை விடுவதில்லை.

ஜூலியனைத் திட்டிவிட்டேன். ஆனால் அவர் குழந்தையாக இருந்தபோது நடந்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். தாமஸ் ஹக்ஸ்லி மகனை இழந்தபோது ஆறுதல் எழுதினாரே கிங்ஸ்லி, அவர் தண்ணீருக்குள் வாழ்கிற குழந்தைகளைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தார். அதில் ஹக்ஸ்லியின் பெயரும் கேலியாக வரும். அதன் ஒரு பதிப்பில், போத்தலில் அடைத்த நீர்க்குழந்தையை ஹக்ஸ்லி உற்றுப் பார்ப்பதாகப் படமும் போட்டிருந்தார்கள். நாலைந்து வயசு ஜூலியன் தாத்தாவுக்கே எழுதிக் கேட்டான்: நீங்கள் நீர்க்குழந்தையைப் பார்த்தீர்களா, போத்தலில் போட்டீர்களா, நானும் பார்க்கலாமா? அந்தப் பெரிய மனுஷர், பேரன் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி அச்செழுத்துப் போலப் பிரித்துப் பிரித்துப் பதில் எழுதினார். தண்ணீரில் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், போத்தலில் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் தண்ணீரில் இருந்தது போத்தலில் இல்லை, போத்தலில் இருந்தது தண்ணீரில் இல்லை என்று. ஒரே பொருளில் சிலர் நிறையப் பார்ப்பார்கள், சிலர் கொஞ்சம்தான் பார்ப்பார்கள், நீ நிறையப் பார்க்கிறவனாக வருவாய் என்றும் எழுதினார். பொய்யும் சொல்லவில்லை, பையன் ஆசையையும் கெடுக்கவில்லை. உங்கப்பாவிடம் இதைப் படித்துக் காட்டியிருக்கிறேன், பேரப் பிள்ளைக்கு எழுத இப்போதே பேனா தேடுகிறார்.

சம்பந்தி விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்பது ஹக்ஸ்லி மாதிரி ஊர்ப் பெயரை அல்ல. அந்தப் பட்டம் என்ன என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பின் நம்மூரில் கொஞ்சம் கொஞ்சமாக அது ஒழிந்தது. பத்திரிகையில், வாக்காளர் பட்டியலில், பள்ளி வருகைப் பதிவேட்டில் வெறும் பெயரும் இனிஷியலும்தான். வகுப்பில் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடும்போது எந்தப் பிள்ளை எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று வெளியூரில் வேலை பார்த்த வாத்தியார்களிடம் கேட்டால்தான் புரியும். இங்கே வாசல் வழியாக வெளியே போனது, பர்மிங்காமில் ஒரு படிவத்தின் கட்டம் வழியாகத் திரும்பி வர வேண்டுமா?

உன் பாஸ்போர்ட்டில் சர்நேமாக அப்பா பெயர் இருப்பதால் ஆஸ்பத்திரியில் உன்னை மிஸ் சண்முகம் என்கிறார்கள். அப்பா அதைக் கேட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். உன் பிள்ளைக்கு மாப்பிள்ளையின் பெயரையோ உன் பெயரையோ போடு. இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் எனக்குச் சம்மதம். அங்கே பெற்றவர்கள் விருப்பப்படி எழுதலாம் என்றாயே. பிறந்து 42 நாள் அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை. மாப்பிள்ளையை அவருடைய அப்பாவோடு மல்லுக்கு நிற்க வைக்காதே. சம்பந்தியிடம் உங்கப்பா பேசுவார். அவர் மசியாவிட்டால் நான் பேசுகிறேன். ஹக்ஸ்லியை இழுத்தவர் அவர், முழுக் கதையையும் கேட்கத்தான் வேண்டும்.

பிரசவ லேகியம் கிண்டி எடுத்து வரலாமா, அங்கே ஏர்போர்ட்டில் விடுவார்களா என்று யாரிடமாவது விசாரித்துச் சொல். பூண்டு, சுக்கு, மிளகு எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா