காற்றழுத்த ரயிலை வீழ்த்தியவை எலிகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவிடப்பட்ட கண்டுபிடிப்புகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பொறியாளர் புரூனல் அமைத்த காற்றழுத்த ரயில் எலிகளால் அழிந்தது என்று முடிந்திருந்தது. பலரும் சொல்லிவரும் இக்கதை, அம்முயற்சி தோற்ற உண்மைக் காரணங்களை மறைத்துவிடுவதால் இதை எழுதுகிறேன்.

தண்டவாளங்களுக்கு நடுவே 15 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய் பதிக்கப்பட்டு, அதன் மேற்புறம் நெடுக விடப்பட்ட பிளவு தோல் பட்டையால் மூடப்பட்டிருந்தது. ஏறத்தாழ மூன்று மைலுக்கு ஒன்றாக நின்ற எஞ்சின் கூடங்கள், குழாய்க்குள் வண்டியோடு பிணைந்திருந்த பிஸ்டனுக்கு முன்னிருந்த காற்றை உறிஞ்சியெடுக்க, பின்னிருந்த காற்றின் அழுத்தமே வண்டியைத் தள்ளியது. சோதனை ஓட்டங்களில் மணிக்கு 60 மைலுக்கு மேற்பட்ட வேகம் கிடைத்தது. 1847 செப்டம்பரில் பயணிகளுக்காக ஓடத் தொடங்கிய இந்த முறை, மறு செப்டம்பரிலேயே நிறுத்தப்பட்டது.

காரணம் அந்தத் தோல்தான். கொழுப்பு தடவிய பட்டை வெயிலில் காய்ந்து இறுகியது, குளிரில் விறைத்தது, இரும்புத் துருவோடு வினைபுரிந்து இற்றுப்போனது. கசிவு மிகுந்ததால் எஞ்சின்கள் கூடுதலாக உழைத்து நிலக்கரியை விழுங்கின. கூடங்களிடையே தந்தி இணைப்பு தாமதமாகவே வந்ததால், வண்டி தாமதமானாலும் கால அட்டவணைப்படி எஞ்சின்கள் வீணாக இயங்கின. எலிகள் கொழுப்பை நக்கியிருக்கலாம்; இத்தனை குறைகளுக்கு அவை பொறுப்பாக முடியாது.

எஞ்சியிருப்பவை பற்றியும் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. எக்ஸ் ஆற்றின் கழிமுகக் கரையில் ஸ்டார்கிராஸ் எஞ்சின் கூடம் இன்றும் நிற்கிறது. காற்றழுத்த ரயிலுக்கு ஒருநாளும் பயன்படாமலே போன டாட்னஸ் கூடம், இடிக்கப்படும் அபாயத்திலிருந்து தப்பி, 2008இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. குழாயின் ஒரு பகுதியை டிட்காட் ரயில்வே மையத்தில் காணலாம்.

ஆயினும் இவை அனைத்தையும்விடப் பெரிய எச்சம் பாதையே என்பேன். வண்டி தன் எஞ்சினைத் தானே சுமக்க வேண்டியதில்லை என்று நம்பியதால்தான், நியூட்டன் ஆபட்டுக்கு மேற்கே டெயின்டன் போன்ற மேடுகளில் சுமார் 40 அடிக்கு ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றங்கள் ஏற்கப்பட்டன. அந்த நம்பிக்கை பொய்த்த பிறகு, நீராவி எஞ்சின் காலம் முழுவதும் கனமான வண்டிகளுக்கு இரண்டாவது எஞ்சினைச் சேர்த்தே அம்மேடுகளைக் கடக்க வேண்டியிருந்தது. இன்றைய ரயில்களும் அதே ஏற்றங்களின் மீதுதான் ஓடுகின்றன. தொடரின் அடுத்த பகுதியில் இவ்விவரங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயந்திரவியல் விரிவுரையாளர் (ஓய்வு),
திருச்சிராப்பள்ளி