மூங்கில் தட்டிக்கு அப்பால்

ஐயா,

அசாமின் எழுத்தாளரும் சமூகப் போராளியுமான சந்திரப்ரபா சைக்கியானியை (1901–1972) நம் வாசகர்கள் அறிய வேண்டும். ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. தங்கையோடு சேற்றில் நடந்து ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். 1918இல் தேஜ்பூர் மாணவர் மாநாட்டில் அபினி ஒழிப்புக்காகப் பேசினார். அன்று அசாமின் வீடுகளை அரித்தது அபினிதான்.

1925இல் நகாவ்ன் நகரில் அசாம் சாகித்ய சபை கூடியது. பெண்கள் மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். மேடையேறிய சந்திரப்ரபா, வெளியே வந்து அமருங்கள் என்று அழைத்தார். தட்டியை விலக்கிக்கொண்டு வந்தார்கள். அழைப்போடு நின்றிருந்தால் மறுநாளே தட்டி திரும்பியிருக்கும். அதனால்தான் 1926இல் அசாம் மாநில மகளிர் சமிதியை நிறுவினார். பெண்கல்வி, குழந்தைமண எதிர்ப்பு, கைத்தறி என வேலை நடந்தது. சமிதியின் ‘அபிஜாத்ரி’ இதழையும் அவரே நடத்தினார். அவர் எழுத்து தமிழில் வரவேண்டும். உங்கள் ஞாயிறு மலர் அதைத் தொடங்கலாம்.

– வாசகர்