போர் முடிந்த மறுநாள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஐரோப்பாவின் இடைக்காலப் போர்கள் பற்றிய கட்டுரை படித்தேன். வாள், குதிரை, கோட்டை எல்லாம் இருந்தன. களத்தில் செத்துக் கிடந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே!

இரும்புக் கவசம் அன்று பெருஞ்சொத்து. பிணத்திலிருந்து அதை உருவிக்கொள்வதே வழக்கம். 1066இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைச் சித்திரிக்கும் பேயோ சித்திரத் துணியின் கீழ் ஓரத்தில், இறந்தவனின் சங்கிலிச் சட்டையைத் தலைவழியாக இழுத்துக் கழற்றுவதை நூலால் தைத்தே காட்டியிருக்கிறார்கள்.

சுவீடனின் காட்லாந்து தீவில் நடந்தது வேறு. 1361 ஜூலை 27 அன்று விஸ்பி நகர மதிலுக்கு வெளியே, டென்மார்க் மன்னர் நான்காம் வால்டெமரின் படை அத்தீவின் விவசாயிகளை வெட்டிச் சாய்த்தது. கோடை வெப்பத்தில் உடல்கள் வேகமாக அழுகியதால், பலரைக் கவசத்தோடே பெருங்குழிகளில் போட்டு மூடினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது 1,100க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. சிறுவர்களும் முதியவர்களும் அதில் உண்டு. கெண்டைக்கால் எலும்புகளில் ஆழமான வெட்டுகள். இரும்பு வளையத் தொப்பி முகத்தோடு ஒட்டிப்போன ஒரு மண்டையோட்டின் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்களைப் புதைத்த இடத்தில் ஒரு கல் சிலுவை நிற்கிறது. இங்கே புதைக்கப்பட்டவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. அடுத்த இணைப்பில் அந்தச் சிலுவையின் படத்தையாவது வெளியிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்