வந்தவரை உள்ளே விடுங்கள், மற்றவர் பின்னால் வருவார்

உப்புவெளி, நிலாவெளி, நகர்ப்பக்கம் என்று திருகோணமலை முழுக்க ஹோட்டல் நடத்துகிற முகாமையாளர்களுக்கும், வரவேற்பு மேசையில் நிற்கிற தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

நான் மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் கணவர் கொழும்பில் கணக்காய்வு வேலை பார்க்கிறார். மாகோவிலிருந்து வருகிற ரயில் பாதை கல்ஓயாச் சந்தியில் பிரிந்து ஒரு கிளை திருகோணமலைக்கும் மற்றது மட்டக்களப்புக்கும் போகிறதே, எங்கள் குடும்பமும் ஏறக்குறைய அந்தச் சந்திதான். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை, போயா விடுமுறை சனி ஞாயிறோடு ஒட்டி விழுந்தால், பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் திருகோணமலையில் சந்திப்போம். அவர் கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு மெயில் ரயிலில் வருவார். நான் வாகரை, வெருகல், மூதூர் என்று கரையோர றோட்டால் பஸ்ஸில் வருவேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது நித்திரை கலையாமலே தாண்டிவிடலாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து உங்கள் மேசைக்கு முன்னால் நிற்பது மட்டும் எந்தப் பாலம் போட்டாலும் நடக்காது.

இப்படி ஒரு பயணத்தில் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். எந்த ஹோட்டல் என்று சொல்லமாட்டேன். அந்த ஒன்றின் குறை மட்டுமில்லை என்று பிறகு பலரிடம் கதைத்ததில் விளங்கியது.

வெள்ளி, சனி என்று இரண்டு இரவுக்கு அவர் தன் கைத்தொலைபேசியில் புக்கிங் செய்திருந்தார். வேலை விஷயமாக ஊர் ஊராகத் திரிகிறவர் என்பதால் அந்த ஹோட்டல்காரரின் மெம்பர்ஷிப்பில் கொஞ்சம் மேல்படியில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் காலைச் சாப்பாடு இலவசம், இடமிருந்தால் கடல் பக்க அறை, கடைசி நாள் நண்பகலுக்குப் பதிலாகப் பின்னேரம் வரை தங்கலாம். இதெல்லாம் அந்த அட்டைக்கு உரியவை. புக்கிங்கில் ஆட்கள் இரண்டு என்று தெளிவாகப் போட்டிருந்தார். அவர் வந்து சேர்வதோ சனி விடியற்காலை. அப்படியானால் வெள்ளி இரவுக்கு ஏன் காசு கட்டுகிறீர்கள் என்று கேட்பீர்கள். நான் வெள்ளி பின்னேரமே வந்துவிடுவேன். அதோடு, முதல் இரவுக்கு ஆள் வராவிட்டால் முழு புக்கிங்கையும் அடித்துவிட்டு அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவீர்கள். கிழக்கில் கடல் அடங்கிக் கிடக்கிற ஆடி மாதம், வாசலில் வேறு ஆட்கள் காத்து நிற்கிற காலம். அதில் பிழை சொல்லமாட்டேன். அதனால்தான் ஒருவராவது நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்று நான் முந்தி வந்தேன்.

பஸ் நிலையத்தடியில் இறங்கியதும் ஒரு மான் வந்து என் கையிலிருந்த பணிஸ் பையைக் கடதாசியோடு இழுத்துக்கொண்டு போனது. திருகோணமலை மான்களுக்கு யார் உள்ளூர், யார் வெளியூர், யாருடைய பெயரில் பணிஸ் வாங்கப்பட்டது என்ற விசாரணை எதுவும் கிடையாது. சிரித்துக்கொண்டே ஓட்டோ பிடித்து, மூன்று மணியளவில் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மேசையில் நின்ற தம்பி நல்ல பிள்ளை. கந்தளாய்ப் பக்கம் என்று சொன்னார். பார்த்துப் பார்த்துத் தமிழ் கதைத்தார். நான் கணவரின் பெயரைச் சொன்னேன். கம்பியூட்டரில் இல்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இல்லை. பிறகு புக்கிங் இலக்கத்தைக் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்து, ஒரு பெயரை வாசித்தார். அது என் மாமனாரின் பெயர். அவர் காலமாகிப் பதினொரு வருஷம்.

விஷயம் இதுதான். உங்கள் கம்பியூட்டருக்கு ஒரு ‘குடும்பப் பெயர்’ வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்று கிடையாது. இருப்பது அப்பாவின் பெயர். என் அடையாள அட்டையில் என் அப்பாவும் நானும், அவருடையதில் அவருடைய அப்பாவும் அவரும். மொத்தம் நான்கு பெயர், அதில் ஒன்றுக்கொன்று பொருந்துவது எதுவுமில்லை. கலியாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், நான் மாற்றவில்லை. தம்பி என் அட்டையையும் புக்கிங் விபரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மெடம், மெரிஜ் சேர்ட்டிபிக்கட் ஏதும் இருக்கா?” என்று கேட்டார். நாற்பத்தொரு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு, தோளில் ஒரு பையோடு நான் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு வெள்ளைக்காரச் சோடி நின்றது. அவர்களிடம் கடவுச்சீட்டு மட்டும்தான் கேட்டார்கள். அந்த இரண்டு கடவுச்சீட்டிலும் ஒரே பெயரா இருந்தது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம் தம்பி உள்ளே போய்ப் பெரியவரைக் கூட்டி வந்தார். அவர் சொன்னது: “மெம்பர் நேரில் வந்தால்தான் செக்-இன். அவர் வரும்வரை அறை தர ஏலாது.” கணவருக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்தேன். அவர் அலுவலகத்திலிருந்து கதைத்தார், மின்னஞ்சல் அனுப்பினார், அடையாள அட்டையின் படத்தை அனுப்பினார். கார்ட்டில் வேண்டுமானால் இப்போதே முழுக் காசையும் எடுங்கள் என்றார். இல்லை. கடைசியில் பெரியவர் ஒரு வழி சொன்னார். என் பெயரில் புதிதாக ஒரு அறை, அன்றைய கவுண்டர் விலைக்கு. 10 வீத சேவைக் கட்டணம், 18 வீத வற், எல்லாம் மேலதிகம். நான் களைத்துப்போயிருந்தேன். சரி என்று கட்டிவிட்டேன். அறை ஜன்னலைத் திறந்தால் ஜெனரேற்றர்.

விடிய ஐந்தரை மணிபோல இவர் ஸ்டேஷனிலிருந்து ஓட்டோவில் வந்து வாசலில் இறங்கியிருக்கிறார். காவலுக்கு இருந்த ஐயா மறித்துவிட்டார்.

“ஆரைப் பாக்க?”

“என்ர மனுசியை.”

“அவங்க நித்திரை. விசிற்றர்ஸ் ஆறரைக்குப் பிறகுதான்.”

அந்த ஹோட்டலின் மேல்படி மெம்பர், அந்த இரவுக்குப் புக்கிங் வைத்திருந்தவர், என்னைப் பார்க்க வந்த விருந்தாளியாகிவிட்டார். என் கைத்தொலைபேசியோ சார்ஜ் இறங்கிக் கிடந்தது. அந்த ஐயா அவரைத் தன் கூட்டுக்குள் கூப்பிட்டு, பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துக் கொடுத்து, பிளாஸ்கிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு துண்டு கருப்பட்டியும். அந்த இரண்டு நாளிலும் எங்களுக்குக் கிடைத்த ஒரே வரவேற்புப் பானம் அதுதான். அந்த ஐயாவுக்கு இந்த மடல் எழுதப்படவில்லை.

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். அவரை என் அறையில் ‘மேலதிக ஆள்’ என்று பதிந்து அதற்கும் கட்டணம் எடுத்தார்கள். காலை இடியப்பமும் சம்பலும் பருப்பும் காசுக்குத்தான். திங்கட்கிழமை பார்த்தால் அவருடைய கார்ட்டிலும் ஒரு இரவுக்கான காசு போயிருந்தது. காரணம், ‘விருந்தினர் வரவில்லை’. வராதவர் என்று பதியப்பட்டவர் உங்கள் வாசலில் கருப்பட்டி கடித்துக்கொண்டிருந்தார். எழுதி எழுதி, மூன்று கிழமைக்குப் பிறகு அந்தக் காசு திரும்பி வந்தது. தங்கினால் மெம்பர் கணக்கில் சேர்கிற பொயின்ட்ஸ் வரவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம்.

இனி உங்கள் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு ஹோட்டல் வாசலில் யாரையும் கேள்வி கேட்காமல் விடச் சொல்ல எனக்கு மனம் வராது. அன்று குண்டு வெடித்த இடங்களில் மூன்று, கொழும்பின் பெரிய ஹோட்டல்கள். அடையாள அட்டையைப் பாருங்கள், இலக்கத்தை எழுதுங்கள், படம் எடுங்கள். இன்னொருவர் பெயரிலுள்ள அறையை யாரோ ஒருத்தி வந்து கேட்டால் கொடுக்கத்தான் வேண்டுமா என்று தயங்குவதும் சரி. அந்தப் பெயருக்குரியவருக்கு நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பிரிந்துபோன மனைவியாக இருக்கலாம், கடன்காரியாக இருக்கலாம். ஆனால் அவரே தொலைபேசியில் வந்து, எழுத்திலும் தந்து, ‘இவரை உள்ளே விடுங்கள்’ என்று சொன்ன பிறகு அந்தத் தயக்கத்துக்கு இடமெங்கே?

சலுகை விஷயத்திலும் உங்கள் சட்டம் முழுக்கப் பிழை என்று சொல்ல மாட்டேன். தங்காத ஆள் தன் அட்டையை ஊருக்கெல்லாம் கொடுத்தனுப்பினால் அந்தத் திட்டமே கெட்டுவிடும். உலகப் பெரிய நிறுவனங்களும் இதில் கண்டிப்புத்தான். மரியட்டில் ஒரு மெம்பர் மூன்று அறை வரைக்கும் பொயின்ட்ஸ் சேர்க்கலாம். ஆனால் அதில் ஒன்றில் அவர் தங்கியிருக்க வேண்டும். மேல்படிச் சலுகைகள் அவர் தங்குகிற அறைக்கு மட்டும். ஹில்டனில் காலைச் சாப்பாட்டுச் சலுகை மெம்பருக்கும் அதே அறையில் பதியப்பட்ட இன்னொருவருக்கும். ஹயட் ஒரு படி மேலே போய், மெம்பர் தான் வராமலே இன்னொருவருக்குச் சலுகையைப் பரிசாகக் கொடுக்க ‘கெஸ்ட் ஒஃப் ஒனர்’ என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. அது இங்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சட்டங்களில் உள்ள சொல்லை மட்டும் கவனியுங்கள்: தங்க வேண்டும், பதிய வேண்டும். என் கணவர் தங்கத்தான் வந்தார். மேசைக்கு முதலில் வந்து நிற்பதும் தங்குவதும் ஒன்றில்லை. அந்த இரண்டையும் ஒன்றாக்கியது உங்கள் மேசைப் பழக்கம்.

எனக்கு ஒரு சந்தேகம். இந்த மெம்பர்ஷிப் யோசனையை 1981இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் பெரிதாகத் தொடங்கியது. 1983இல் ஹொலிடே இன்னும் மரியட்டும் ஹோட்டலுக்குக் கொண்டுவந்தன. அப்போது அவர்கள் மனதில் இருந்தவர், கம்பனிச் செலவில் பெட்டியோடு தனியாகத் திரிகிற ஆளாகத்தான் இருந்திருப்பார். ஒரு ஆள், ஒரு பெயர், ஒரு அட்டை. வீட்டுக்காரி வேறு ஊரில் வேலை செய்வாள், அவள் முந்தி வந்து சேர்வாள் என்பது அந்தக் கணக்கிலேயே இருந்திருக்காது. கிழக்கிலோ அதுதான் வழக்கம். கொழும்பில் ஒருவர், இடமாற்றத்தில் ஒருவர், கட்டாரிலிருந்து லீவில் வந்து நேரே திருகோணமலைக்கு வருகிறவர், ஆஸ்பத்திரி இரவுக் கடமை முடித்து மத்தியானம் பஸ் ஏறுகிறவர். சேர்ந்து வருகிற சோடிகள்தான் எங்கள் பக்கம் குறைவு.

செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. மேசையில் மூன்று வேலை ஒன்றாகக் கட்டிக் கிடக்கிறது: அறையைத் திறந்து கொடுப்பது, ஆட்களைப் பதிவது, சலுகையைக் கொடுப்பது. அவிழ்த்துவிடுங்கள். புக்கிங் எடுக்கும்போதே இரண்டாவது ஆளின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஆட்கள் 2’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம், அவ்வளவுதான். முந்தி வருகிறவர் அந்த இரண்டில் யாராக இருந்தாலும், அட்டையைப் பார்த்து, காசைப் பிடித்துக்கொண்டு, அறையைத் திறந்து விடுங்கள். அந்த நேரமே புக்கிங் உயிரோடு இருக்கிறது, யாரும் ‘வராதவர்’ இல்லை. சாப்பாட்டுக் கூப்பனையும் கடல் பக்க அறையையும் மெம்பர் வந்து கையெழுத்து வைக்கும்வரை பிடித்து வைத்தாலும் நான் கோபிக்கமாட்டேன். அறை மாற்றுவதுதான் கொஞ்சம் அலுப்பு, பையைத் திரும்பக் கட்ட வேண்டும். மெம்பர் அடுத்த நாள் வருகிறார் என்று தெரிந்தால் வாசலில் உள்ளவரிடமும் பெயரைச் சொல்லி வையுங்கள். அது ஒரு கடதாசித் துண்டு வேலை.

கலியாணச் சான்றிதழ் பற்றி ஒன்று. இரண்டு அப்பாமாரின் பெயர் பொருந்தவில்லை என்பது தமிழரிடம் கலியாணம் நடக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியில்லை. முஸ்லிம் குடும்பங்களிலும் பெயர்கள் அப்படித்தான் வரும். திருகோணமலையில் மேசைக்கு வருகிற உள்ளூர்ச் சோடிகளில் எத்தனையோ பேர் இந்த இரண்டு கூட்டத்திலிருந்தும் வருகிறவர்கள்தானே? புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுங்கள். அந்தக் கந்தளாய்த் தம்பி கேட்கும்போது என்னைவிட அவர் காதுதான் சிவந்தது.

வருகிற தவணை விடுமுறையில் ஒரு போயாவோடு சேர்த்து மறுபடியும் வருகிறோம். வழக்கம்போல நான் பின்னேரம், அவர் விடியற்காலை. புக்கிங்கில் ‘விசேட வேண்டுகோள்’ என்று ஒரு கட்டம் விட்டிருக்கிறீர்கள், அதில் என் முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மாமனாரின் பெயரில் தேடினாலும் கிடைக்கும். காவலுக்கு இருக்கிற ஐயாவுக்கு இந்த முறை நாங்கள் மட்டக்களப்புக் கஜு கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
பின்னேர பஸ்ஸில் வருகிறவள்